தேரூர் குளத்துக்கு எந்த பைனாகுலர்?

போன புரட்டாசியில் என் அக்கா மகன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். "மாமா, இதை வாங்கட்டுமா? நாலாயிரத்துக்குள்ள வருது. ஒன்பது மடங்கு பெருசாக் காட்டுமாம்." கறுப்புக் குழாய், மேலே ஒரு திருகு, பக்கவாட்டில் ஒரு திருகு, உடம்பில் 3-9×40 என்று எழுத்து. அது ரைபிள் ஸ்கோப். அவன் தேரூர் குளத்தில் பறவை பார்க்கத் தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வெறுங்கண்ணால் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டி, பாதிக்கு மேல் பெயர் தெரியாமல் விட்டுக்கொண்டிருந்தான். ஏதாவது ஒன்றை உடனே வாங்கிவிட வேண்டும் என்ற தவிப்பு.

"இது துப்பாக்கி மேல பொருத்துறது மக்களே. பறவைக்குச் சரிப்படாது" என்றேன்.

"லென்ஸ்தானே மாமா? எல்லாம் ஒண்ணுதானே?"

நல்ல கேள்வி. அன்று சாயங்காலம் அவனோடு உட்கார்ந்து பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதல் பைனாகுலர் வாங்கப் போகிற எவருக்கும் பயன்படும். குறிப்பாக, கடலும் மலையும் குளமும் இத்தனை நெருக்கமாக இருக்கிற நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு.

முதலில் அந்த ஸ்கோப் விஷயத்தை முடித்துவிடலாம். வெளிநாடுகளில் உரிமம் வாங்கி மான் வேட்டைக்குப் போகிறவர்கள் பலரும் முதலில் வாங்குவது இந்த 3-9×40 அளவைத்தான் (3 முதல் 9 மடங்கு வரை மாற்றலாம், முன் லென்ஸ் 40 மில்லிமீட்டர்). சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். கண்ணை ஒட்டி வைத்திருந்தால் புருவம் கிழிந்துவிடும். அதனால் கண்ணிலிருந்து எட்டு, பத்து சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பார்க்கிற மாதிரி அதைச் செய்கிறார்கள். அப்படித் தள்ளி வைப்பதற்கு ஒரு விலை உண்டு: பார்வை குறுகிவிடும். 9 மடங்கில் வைத்தால் 100 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய நாலரை மீட்டர் அகலம்தான் தெரியும். 8 மடங்கு பைனாகுலரில் அதே தூரத்தில் 12, 13 மீட்டர் அகலம் தெரியும். நிற்கிற மானுக்கு நாலரை மீட்டர் போதும். தாழப் பறந்து திரும்பும் ஆலா என்ற நீர்ப்பறவையை அதற்குள் பிடிக்கவே முடியாது. விலை குறைந்த ஸ்கோப்பில் தூரத்துக்குத் தகுந்தபடி ஃபோகஸ் மாற்றும் சக்கரமும் பெரும்பாலும் இருக்காது. ஒற்றைக் கண்ணால் வேறு பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் அந்த வேட்டைக்கே இடமில்லை. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-இல் செய்த திருத்தம், வேட்டைக்கு உரிமம் கொடுக்கும் வழக்கத்தையும் எடுத்துவிட்டது. பறவை ஆராய்ச்சியே ஒரு காலத்தில் துப்பாக்கியோடுதான் நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பறவை ஆராய்ச்சியாளர் சாலிம் அலி சிறுவனாக இருந்தபோது ஏர்கன்னால் சுட்ட ஒரு மஞ்சள் தொண்டைச் சிட்டுக்குருவிதான் அவரைப் பறவைகள் பக்கம் திருப்பியது. 1933-இல் அவர் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தியபோது நம் பகுதி திருவிதாங்கூரில்தான் இருந்தது. அந்தக் காலத்து முறைப்படி பறவையைச் சுட்டு, பாடம் செய்து வைத்துத்தான் படித்தார்கள். இன்று ஒரு நல்ல லென்ஸ் இருந்தால் பறவைக்குத் தெரியாமலேயே அதன் கண்ணைச் சுற்றியிருக்கும் வளையத்தின் நிறத்தைப் பார்த்துவிடலாம். அந்த லென்ஸை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இனி.

பைனாகுலர் மேல் 8×42 என்பது போல இரண்டு எண் இருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு அருகில் காட்டும் என்பது. இரண்டாவது, முன்பக்கத்து லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். புதிதாக வாங்குகிறவர் கண் எப்போதும் முதல் எண்ணிலேயே போய் நிற்கும். 8-ஐவிட 10 மேல், 10-ஐவிட 20 மேல் என்றுதான் மனசு கணக்குப் போடும்.

கணக்கைச் சரியாகப் போட்டுப் பார்ப்போம். சுசீந்திரம் குளத்தில் 200 மீட்டர் தள்ளி ஒரு கூழைக்கடா நீந்துகிறது. 8 மடங்கில் பார்த்தால் 25 மீட்டரில் நின்று வெறுங்கண்ணால் பார்ப்பது போல. 10 மடங்கில் 20 மீட்டர். வித்தியாசம் ஐந்து மீட்டர், அவ்வளவுதான். அந்த ஐந்து மீட்டருக்காக நாம் விட்டுக்கொடுப்பது நிறைய. பார்வை குறுகும், பறவையைத் தேடிப் பிடிக்க நேரம் ஆகும். கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆனி, ஆடிக் காற்றில் நின்றிருப்பவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே புரியும். காற்றில் உடம்பே அசையும்போது 10 மடங்குப் படம் துள்ளும். இறகின் நிறம், கோடு எதுவும் கண்ணில் நிலைக்காது. கையில் பிடித்துப் பார்க்க 10 மடங்குதான் எல்லை. அதற்கு மேல் போனால் முக்காலி வேண்டும். தொடங்குகிறவருக்கு 8 போதும். பல வருடம் பார்த்தவர்களிலும் நிறையப் பேர் 8-ஐ விடுவதில்லை.

இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கிடைப்பதுதான், என் பார்வையில், இந்த விஷயத்தின் சாவி. 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. பைனாகுலரின் பின்பக்கத்திலிருந்து வெளியே வரும் ஒளிக்கற்றையின் அகலம் 5.25 மில்லிமீட்டர் என்று அர்த்தம். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பைனாகுலரைக் கையை நீட்டிப் பிடித்து, வெளிச்சமான வானத்தைப் பார்க்கத் திருப்பி, கண் வைக்கிற பக்கத்தைத் தள்ளி நின்றே பாருங்கள். கறுப்புக்கு நடுவே ஒரு சின்ன வெள்ளை வட்டம் மிதக்கும். அந்த வட்டம்தான் அது.

நம் கண்ணின் பாப்பா பட்டப்பகலில் இரண்டு, மூன்று மில்லிமீட்டராகச் சுருங்கியிருக்கும். இருட்டில் இளவயதினருக்கு ஏழு வரை விரியும். வயது ஏற ஏற அந்த விரிவு குறைந்துகொண்டே வரும். நடுப்பகலில் எந்த பைனாகுலரும் நன்றாகத் தெரிவது இதனால்தான். உச்சி வெயிலில் கடைவாசலில் நின்று பார்த்துவிட்டு "சூப்பரா இருக்கு" என்று வாங்கி வந்துவிடுகிறோம். பறவை நடமாடுவது காலை ஆறிலிருந்து எட்டுவரை, அப்புறம் மாலை ஐந்துக்கு மேல். அந்த நேரத்தில் கண் நாலு, ஐந்து மில்லிமீட்டர் திறந்திருக்கும். பைனாகுலர் இரண்டு மில்லிமீட்டர் ஒளியைத்தான் கொடுக்கிறது என்றால் படம் மங்கும். வேட்டைக்காரர்களுக்கும் இதே கவலைதான். மானும் விடியலிலும் அந்தியிலும்தான் வெளியே வரும். ஸ்கோப் வாங்கும்போது மடங்கைவிட முன் லென்ஸையும் கண்ணாடியின் தரத்தையும் பார் என்று அங்கே அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

இதை நான் காசு கொடுத்துத்தான் படித்தேன். பல வருடம் முன்பு, கன்னியாகுமரிக் கடற்கரைப் பக்கம் ஒரு கடையில் 30×60 என்று எழுதிய கைக்கு அடக்கமான பைனாகுலர் ஒன்றை வாங்கினேன். முன் லென்ஸ் மாதுளம் முத்து நிறத்தில் பளபளத்தது. விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகு அதில் நன்றாகத் தெரிந்தது. மறுநாள் விடியலில் தேரூர்க் கரையில் அதை எடுத்தேன். தாமரை இலைகளுக்கு நடுவில் ஏதோ நடக்கிறது. கோழிக்குஞ்சு மாதிரி ஒரு நிழல். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "இதுல பாரும்" என்று தம்முடைய பழைய 8×40-ஐ நீட்டினார். அதே இலை, அதே பறவை. நீளவால் இலைக்கோழி. பக்கக் கழுத்தில் பொன்மஞ்சள், அதை ஒட்டி இறங்கும் கறுப்புக் கோடு, பச்சை இலைமேல் விரித்து வைத்த நீளமான விரல்கள். ஒரு காலை எடுக்கும்போது இலையின் ஓரம் லேசாக மேலே எழும்பியதுகூடத் தெரிந்தது. இரண்டு கருவியையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து என்னுடையதன் முன் லென்ஸை ஸ்கேலால் அளந்தேன். 60 என்று போட்டிருந்த இடத்தில் 30 மில்லிமீட்டர்கூட இல்லை.

அதனால், எண்ணை நம்பும் முன் அளந்து பாருங்கள். சட்டைப்பைக்குள் நுழைகிற எதிலும் 60 மில்லிமீட்டர் லென்ஸ் இருக்க முடியாது. செக்கச் செவேலென்று மின்னும் லென்ஸையும் தள்ளிவிடுங்கள். அந்தப் பூச்சு சிவப்பு ஒளியை வெளியே திருப்பி அனுப்புகிறது. உள்ளே போகிற படம் நீலமும் பச்சையுமாக வெளிறிப்போகும். செம்பருந்தின் செம்மையும் இலைக்கோழியின் பழுப்பும் அதில் கெட்டுவிடும். அப்புறம் 10 முதல் 50 மடங்கு வரை மாற்றலாம் என்று விற்கும் ஜூம் பைனாகுலர். இரண்டு குழாயும் ஒரே அளவில் மாற வேண்டும்; விலை குறைந்ததில் அது நடப்பதில்லை, தலைவலிதான் மிஞ்சும்.

பூச்சு என்றதும் நல்ல பூச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெறும் கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பைனாகுலரின் ஒரு குழாய்க்குள் பல லென்ஸும் பட்டகமும் (பிரிசம்) இருக்கின்றன. காற்றைத் தொடும் பரப்பு பத்து என்று வைத்தால்கூட, நூறு பங்கு ஒளியில் 66 பங்குதான் கண்ணுக்கு வந்து சேரும். மீதி உள்ளேயே சிதறி, படத்தின் மேல் வெண்ணிறப் புகை போல் படியும். இதைத் தடுக்க மெல்லிய பூச்சு பூசும் முறையை 1935-இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா கண்டுபிடித்தார். பெட்டியில் "ஃபுல்லி மல்ட்டி கோட்டட்" என்று இருந்தால் எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு உண்டு என்று பொருள். வெறும் "கோட்டட்" என்றால் ஏதோ ஒரு பரப்பில் ஒரு பூச்சு இருக்கலாம். "மல்ட்டி கோட்டட்" இரண்டுக்கும் நடுவில். நம் பட்ஜெட்டிலேயே முதல் வகை கிடைக்கிறது. அதற்குக் கீழே போக வேண்டாம்.

உள்ளே பட்டகம் எதற்கு? லென்ஸ் மட்டும் இருந்தால் படம் தலைகீழாகத் தெரியும். அதை நிமிர்த்துவது பட்டகத்தின் வேலை. இரண்டு வகை உண்டு. தோள் புடைத்த மாதிரி, முன் லென்ஸ் இரண்டும் அகன்று நிற்கும் பழைய வடிவத்துக்குப் போரோ என்று பெயர். 1854-இல் காப்புரிமை வாங்கிய இத்தாலியர் இக்னாசியோ போரோவின் பெயர் அது. நேர்க்குழாயாக, ஒல்லியாக இருப்பது ரூஃப் வகை. செய்வதற்குப் போரோ எளிது. அதனால் ஒரே விலையில் இரண்டையும் வைத்துப் பார்த்தால் போரோவின் படம் பெரும்பாலும் ஒரு படி தெளிவாக இருக்கும். ரூஃப் பட்டகத்தில் ஒளி பிரிந்து சேரும்போது ஒரு சின்னப் பிசகு வரும். அதைச் சரிசெய்யத் தனிப் பூச்சு வேண்டும். 1988-இல்தான் அந்தப் பூச்சு வந்தது. இன்று நடுத்தர விலையிலும் "ஃபேஸ் கோட்டிங்" என்ற பெயரில் கிடைக்கிறது. பட்டகத்தின் கண்ணாடி பேக்-4 (BaK-4) என்ற வகை என்றால் நல்லது. கையை நீட்டிப் பார்த்தோமே, அந்த வெள்ளை வட்டம், அதுவே இதைச் சொல்லிவிடும். வட்டம் முழு வட்டமாக இருந்தால் சரி. ஓரங்கள் வெட்டுப்பட்டு சதுரம் போலச் சாம்பல் நிழல் விழுந்தால், தாழ்ந்த கண்ணாடி.

அப்படியானால் காசு குறைவாக இருப்பவர் போரோ வாங்கலாமே? மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பவருக்கு நானும் அதைத்தான் சொல்வேன். நம் மாவட்டத்துக்குச் சொல்ல மாட்டேன்.

காரணம் ஈரம். தென்மேற்குப் பருவமழையும் நமக்கு உண்டு, வடகிழக்கும் உண்டு. இடையில் ஓய்வு கிடைத்தாலும் கடற்காற்று ஓய்வதில்லை. அந்தப் பெரியவர் கையில் பார்த்த மாதிரியே ஒரு போரோ பைனாகுலரை நான் அடுத்த வருடம் வாங்கினேன். அருமையான படம். இரண்டு வருடம் அதைத் தரையில் வைக்கவில்லை. அப்புறம் ஒரு ஆனி மாதம் வேலை மிகுதியில் பீரோவுக்குள், தோல் உறையோடு, துணிகளுக்கு நடுவில் வைத்துவிட்டேன். கார்த்திகையில் எடுத்தேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து முன்பக்கம் வழியாக உள்ளே பார்த்தால், லென்ஸின் ஓரத்திலிருந்து நடு நோக்கி, சிலந்தி நூலைப் பிரித்துப் போட்டது போல மெல்லிய வெள்ளை இழைகள். ஒவ்வொன்றும் கிளைவிட்டு, அந்தக் கிளை மறுபடி கிளைவிட்டு. பூசணம். உள்ளே இருப்பதைத் துணியால் துடைக்க முடியாது. பழுதுபார்க்கக் கொடுத்து வாங்கினேன்; இழை போயிற்று, அது தின்ற பூச்சு திரும்ப வரவில்லை. இழை ஓடிய தடம் இன்றும் லென்ஸில் இருக்கிறது.

போரோவில் ஃபோகஸ் திருகும்போது கண்பக்கத்துக் குழாய்கள் வெளியே வந்து போகும். ஒவ்வொரு திருகலுக்கும் வெளிக்காற்று உள்ளே நுழையும். நல்ல ரூஃப் பைனாகுலரில் அந்த அசைவு உள்ளுக்குள்ளேயே நடக்கும். மூட்டுகளை ரப்பர் வளையத்தால் அடைத்து, காற்றை எடுத்துவிட்டு, ஈரமில்லாத நைட்ரஜனை நிரப்பி விற்கிறார்கள். பெட்டியில் "வாட்டர்புரூஃப்", "நைட்ரஜன் ஃபில்டு" என்ற இரண்டும் இருக்க வேண்டும். "வாட்டர் ரெசிஸ்டன்ட்" என்று மட்டும் இருந்தால் தூறலுக்குத் தாங்கும், ஈரக்காற்றுக்குத் தாங்காது. படத்தில் ஒரு படி குறைந்தாலும் பரவாயில்லை, அடைத்த ரூஃபையே வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஐந்தாம் வருடமும் அதே படம் தெரிய வேண்டும்.

இன்னும் மூன்று விஷயம், சுருக்கமாக. கண்ணாடி போடுகிறவர்கள் "ஐ ரிலீஃப்" என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். கண்ணை எவ்வளவு தூரம்வரை தள்ளி வைத்து முழுப் படத்தையும் பார்க்கலாம் என்பதன் அளவு அது. ஸ்கோப்பில் எட்டு, பத்து சென்டிமீட்டர் என்றேனே, அதேதான். பைனாகுலரில் 15 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் மூக்குக்கண்ணாடியோடு பார்க்கும்போது படத்தின் ஓரம் வெட்டிப்போகும். அடுத்து, பார்வை அகலம்: 1000 மீட்டரில் இத்தனை மீட்டர் என்றோ இத்தனை டிகிரி என்றோ போட்டிருப்பார்கள். ஒரு டிகிரி என்பது 1000 மீட்டரில் 17.5 மீட்டர். 8 மடங்கில் ஏழு டிகிரிக்குக் குறையாமல் பாருங்கள். கடைசியாக எடை: 600, 700 கிராம் வரை சரி. மணிக்கணக்கில் கழுத்தில் கிடக்கப் போகிற பொருள். கழுத்து வலிக்கிறவர்கள் இரண்டு தோளிலும் மாட்டும் வாரை வாங்கிக்கொள்ளலாம்.

பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்காக ஒரு ஒப்பீடு. நிக்கான் நிறுவனத்தின் அக்யூலான் 8×42 போரோ வகை. பார்வை 8 டிகிரி, விலை குறைவு, நீர் புகாத வகை இல்லை, ஐ ரிலீஃப் 12 மில்லிமீட்டர்தான். அதே நிறுவனத்தின் புரோஸ்டாஃப் பி3 8×42 ரூஃப் வகை, பார்வை 7.2 டிகிரி, நைட்ரஜன் நிரப்பியது, எடை 565 கிராம், ஐ ரிலீஃப் 20 மில்லிமீட்டரை ஒட்டி வரும். மேலே சொன்னதை வைத்துப் பார்த்தால் நம் ஊருக்கு எது என்பது தெரிந்துவிடும். இதே அளவுகளில் வேறு நிறுவனங்களும் செய்கின்றன. எந்தப் பெயராக இருந்தாலும் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள். பணம் போதவில்லை என்றால் நாலு மாதம் சேர்த்து வைத்து வாங்குங்கள். நாலாயிரத்தில் ஒன்றை வாங்கிவிட்டு அடுத்த வருடம் பத்தாயிரத்தில் இன்னொன்று வாங்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கையில் வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. எதிரே ஓட்டுவீடு இருந்தால் அதன் முகட்டைப் பாருங்கள், இல்லையென்றால் மின்கம்பி. இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டே பைனாகுலரை மெதுவாகக் கண்ணிலிருந்து விலக்குங்கள். இடப்பக்கத்துக் கோடும் வலப்பக்கத்துக் கோடும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று போனால் உள்ளே பட்டகம் சாய்ந்திருக்கிறது. மாற்றிக்கொள்ளுங்கள், அதை வைத்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் நெற்றி வலிக்கும். அதே கம்பியை வெளிர் வானத்துக்கு எதிரே பாருங்கள். ஓரத்தில் ஊதாவும் பச்சையுமாகக் கரை தெரியும். இந்த விலையில் கொஞ்சம் தெரியத்தான் செய்யும், நடுவில் பட்டையாகத் தெரிந்தால் வேண்டாம்.

அப்புறம் பொருத்திக்கொள்வது. இதைத் தெரியாமலேயே வருடக்கணக்கில் மங்கலாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் நடுக்கீலை மடக்கி, இரண்டு வட்டமும் ஒன்றாகச் சேரும்வரை கொண்டுவாருங்கள். பிறகு வலது முன் லென்ஸைக் கையால் மூடிவிட்டு, இடது கண்ணால் தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றைப் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருகி எழுத்தைத் தெளிவாக்குங்கள். இப்போது இடதை மூடி, வலது கண்ணால் அதே எழுத்து. நடுச்சக்கரத்தைத் தொடக் கூடாது. வலது கண்பக்கத்தில் இருக்கும் சின்ன வளையத்தை மட்டும் திருப்ப வேண்டும். அதற்கு டயாப்டர் என்று பெயர். நம் இரண்டு கண்ணுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை அது ஈடுகட்டும். ஒருமுறை வைத்துவிட்டால் அப்புறம் நடுச்சக்கரம் மட்டும் போதும். வளையம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு யாராவது வாங்கிப் பார்த்துத் திருப்பித் தரும்போது மாறியிருக்கும்.

பறவையைப் பிடிக்கும் விதமும் இருக்கிறது. பைனாகுலரை வைத்துக்கொண்டு தேடக் கூடாது. பறவையை வெறுங்கண்ணால் பார்த்து, பார்வையை எடுக்காமல், கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். என் அக்கா மகன் ஒரு வாரம் மொட்டை மாடியில் நின்று தென்னை உச்சியில் வந்து உட்காரும் செம்பருந்தை வைத்துப் பழகினான். அதற்குப் பிறகுதான் குளத்துக்கு எடுத்துப் போனான்.

எங்கே போவது? கவிமணி பிறந்த தேரூர்தான் தொடக்கத்துக்கு எனக்குப் பிடித்த இடம். கரை அருகில், தாமரை நிறைய, நீலத்தாழைக்கோழியும் சிறிய நீர்க்காகமும் கிட்டத்திலேயே நிற்கும். 8 மடங்குக்கு அளவான தூரம். சுசீந்திரம்-தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. ஐப்பசியிலிருந்து மாசிவரை வலசை வரும் வாத்துகளையும் பார்க்கலாம். மணக்குடிக் காயலும் புத்தளம் உப்பளமும் வேறு மாதிரி. பழையாறு கடலில் சேரும் அந்த இடத்தில், 2004 சுனாமி பழைய பாலத்தை இழுத்துப் போன பிறகு கட்டிய பாலத்தின் மேல் நின்றால் ஆலாக்கள் கண்மட்டத்தில் பறக்கும். ஆனால் சேற்றில் ஓடும் உப்புக்கொத்திகளும் கொசு உள்ளான்களும் வெகு தூரம். பின்கழுத்தில் வெள்ளை வளையம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துத்தான் கெண்டிஷ் உப்புக்கொத்தியைப் பிரிக்க வேண்டும். அதற்கு முக்காலியில் நிற்கும் ஒற்றைக்குழாய்த் தொலைநோக்கி, ஸ்பாட்டிங் ஸ்கோப் என்பார்கள், அது வேண்டும், 20 முதல் 60 மடங்கு. அது இரண்டாம், மூன்றாம் வருடத்துச் செலவு. கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் காட்டுக்குள் போகிறவர்களுக்கு மறுபடியும் 8×42 தான். மரநிழலில் வெளிச்சம் குறைவு, பறவை நிற்பதோ இரண்டு விநாடி. அகலப் பார்வையும் ஒளியும் அங்கேதான் மிக அதிகமாகத் தேவை.

நம் ஊரில் எல்லோரும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: சூரியனை பைனாகுலரால் பார்க்கவே கூடாது. கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும்தான் வருகிறார்கள். கையில் பைனாகுலர் இருந்தால் அங்கே திருப்பத்தான் தோன்றும். சூரியன் கடலைத் தொடும் நேரத்தில் சிவந்து, மங்கிப்போய் இருந்தாலும் வேண்டாம். 42 மில்லிமீட்டர் லென்ஸ் சேர்க்கும் ஒளியும் வெப்பமும் விழித்திரையில் ஒரு புள்ளியில் இறங்கும். வலி தெரியாது, பார்வை போய்விடும். பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். சந்திரனை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். 8 மடங்கில் அதன் குழிகள் தெரியும். சுவரில் சாய்ந்து கையை அசையாமல் வைத்துக்கொண்டால் வியாழனின் நிலாக்களும் சின்னப் புள்ளிகளாகத் தெரியும்.

பராமரிப்பு அதிகம் இல்லை, ஆனால் விடாமல் செய்ய வேண்டும். மணக்குடியிலிருந்து திரும்பினால் லென்ஸில் உப்புப் படிந்திருக்கும். சட்டை முனையால் துடைத்தால் உப்பும் மணலும் சேர்ந்து பூச்சைக் கீறிவிடும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதித் தள்ளுங்கள், மெல்லிய தூரிகையால் தட்டுங்கள், கடைசியில்தான் லென்ஸ் துணி, அதுவும் கொஞ்சம் ஈரமாக. உடம்பை ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவையுங்கள். தோல் உறைக்குள் வைத்து மூடவே வேண்டாம். தோல்தான் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூடி இறுக்கமாக இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில், கைப்பிடி அளவு சிலிக்கா ஜெல் போட்டு அதில் வையுங்கள். நிறமூட்டிய வகை ஜெல் ஈரம் குடித்தால் நிறம் மாறும். சூடாக்கினால் பழைய நிறத்துக்கு வந்துவிடும், ஆனால் சமையலுக்கு எடுக்கும் பாத்திரத்தில் வேண்டாம். ஆனியிலும் ஐப்பசியிலும் பத்து நாளைக்கு ஒருமுறை டப்பாவைத் திறந்து, லென்ஸை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து, ஓரத்தில் இழை ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.